எல்லாம் அணைச்ச பொறவும்

சண்முகப்பிரியா: ...அதுக்கில்லீங்கம்மா. கரண்ட்டு பில்லு ஏன் இத்தன ஏறுதுன்னு பாக்கச் சொல்லி உங்க பொண்ணு நந்திதாதான் என்னைய அனுப்புனாங்க. ரெண்டு மாசத்துக்கு ஆயிரத்து நானூறு யூனிட்டு. இருக்கறது நீங்க ரெண்டு பேரு.

ராமாமணி: பழைய ஊடுங்க கண்ணு. கரண்ட்டக் குடிக்கும்.

சண்முகப்பிரியா: கேஸ் அடுப்பே இல்லீங்களா?

ராமாமணி: சிலிண்டர்னா இவருக்குப் பயமுங்க. ஊடு கட்டுன நாள்ல இருந்து எல்லாமே கரண்ட்டுதான். பம்ப் கம்பெனில முப்பது வருசம் மோட்டாருக்குக் காயில் கட்டுன மனுசன், நெருப்பக் கண்டா ஓடறாரு.

பாலுசாமி: ஓடல புள்ள. ஒதுங்கறேன்.

சண்முகப்பிரியா: கீஸர் எப்ப வாங்குனதுங்கய்யா?

பாலுசாமி: நந்திதா பள்ளிக்கூடம் போறப்ப. இப்ப அவ மகன் காலேஜ் போறான்.

சண்முகப்பிரியா: உள்ள உப்பு பாறையாட்டம் ஏறியிருக்கும். மாத்திப்போடுங்க.

பாலுசாமி: நாந்தான் அதப் போடறதே இல்லீங்களே. பச்சத்தண்ணி.

ராமாமணி: இவரு குளிக்கற சத்தத்துக்குத் தெரு நாய் குலைக்குது.

சண்முகப்பிரியா: ஏசி?

ராமாமணி: வேண்டான்னுட்டேன்.

பாலுசாமி: கேட்டா வேர்த்தா உடம்புக்கு நல்லதுங்கறா. கல்யாணம் ஆகி முப்பத்தெட்டு வருசத்துல இவ ஒண்ணு வேண்டான்னு சொல்லி இப்பத்தான் கேக்கறேன்.

சண்முகப்பிரியா: பிரிட்ஜ் கதவுல ஏனுங்க கயிறு?

ராமாமணி: ரப்பர் போயிருச்சு. கட்டி வெச்சிருக்கறேன்.

சண்முகப்பிரியா: ரப்பர மொதல்ல மாத்துங்க, சும்மா ஓடிக்கிட்டே கெடக்கும். ஆனா இதெல்லாம் சேத்தாலும் இத்தன யூனிட் வராதுங்க. ஒண்ணு பண்ணுங்க. எல்லாச் சுவிட்சையும் அணைங்க, பிரிட்ஜ் பிளக்கையும் புடுங்குங்க. நான் மீட்டரப் பாக்கறேன்.

பாலுசாமி: எல்லாமேங்களா?

ராமாமணி: மொதல்ல காப்பி குடிங்க கண்ணு...

சண்முகப்பிரியா: காப்பி வெக்கக் கரண்ட்டு வேணுமில்லீங்க. அணைங்க.

பாலுசாமி: ...அணைச்சாச்சு.

சண்முகப்பிரியா: மீட்டர்ல செவப்பு லைட்டு மின்னிக்கிட்டேதான் இருக்குது. ஊட்டுல எதுவும் ஓடல. அப்ப வேற எங்கியோ போகுது. பின்னால பாத்துட்டு வாரேன்.

ராமாமணி: பின்னால பாம்பு இருக்குதுங்க.

பாலுசாமி: நேத்துக்கூடப் பாத்தேன்.

சண்முகப்பிரியா: நான் வந்ததுல இருந்து நீங்க ரெண்டு பேரும் ஒத்துப்போனது இது ஒண்ணுதானுங்க. இருங்க.

ராமாமணி: கண்ணு, செருப்பாச்சும் போட்டுட்டுப் போங்க...

சண்முகப்பிரியா: பாம்பெல்லாம் இல்லீங்க. குளிக்கற ரூம் சுவத்துல இருந்து ஒரு ஒயர் மதிலத் தாண்டிப் போகுது. அது யாரு ஊடு?

பாலுசாமி: என்ற தம்பி வேங்கடசாமி ஊடு. பன்னெண்டு வருசமாப் பேச்சுவார்த்தை இல்ல. இந்த மதிலுக்கே கோர்ட்டுக்குப் போனவன்.

சண்முகப்பிரியா: அப்பக் கரண்ட்டத் திருடறாரா?

ராமாமணி: திருடலீங்க. நாந்தான் குடுத்தேன்.

பாலுசாமி: நீயா?

ராமாமணி: அப்படிப் பாக்காதீங்க. அவருக்கு நுரையீரல் கெட்டுப்போயி ஆக்ஸிஜன் மெசின் வெச்சிருக்குது. பில்லு கட்டாம லைனக் கட் பண்ணிட்டாங்க. அவரு பொண்டாட்டி மாரியாத்தா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்னு அழுதா. உங்ககிட்டச் சொன்னா உடுவீங்களா? அதான் ஏசிய வேண்டான்னேன், யூனிட்டு ஏறுனது தெரியாம இருக்கோணும்னு.

சண்முகப்பிரியா: அம்மா, கரண்ட்டு ஆபீஸ்ல இருந்து பாத்தாங்கன்னா உங்க லைனும் போயிரும். மழை பேஞ்சா அந்த ஒயர் ஆளையே அடிச்சுப்போடும். அவங்க லைன முறையா வாங்கிக் குடுங்க. ஆனா... ரெண்டு ஒயர் எதுக்குங்க?

ராமாமணி: ரெண்டா? நான் குடுத்தது ஒண்ணுதான்.

சண்முகப்பிரியா: மோட்டார் ரூம்ல இருந்தும் ஒண்ணு போகுதுங்களே. காயில் கட்டுற கையாட்டம் நல்ல சுத்தமா முடிச்சுப் போட்டிருக்குது.

ராமாமணி: ஏனுங்க... இப்படித் திரும்புங்க. மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

பாலுசாமி: எங்கிட்ட அவனே வந்து கேட்டான் புள்ள. பன்னெண்டு வருசம் கழிச்சு 'அண்ணா'ன்னான், மூச்சு வாங்கிக்கிட்டு. என்ன பண்ணச் சொல்ற... அம்மணி, ரெண்டையும் தொடாதீங்க. இதுல எது மெசினுக்குப் போகுது, எதுல அந்தத் திருட்டுப்பய ஏசி போட்டுத் தூங்கறான்னு நானே வாசல் வழியாப் போயிக் கேட்டுட்டு வாரேன்.