பதினோரு கோப்பை, பதினோரு அட்மின்

...அனுமதி இல்லையாம்! யாருக்கு? எனக்கு! கரக் ஊர்ல எங்க கூட்டத்து மண்டபத்துக்கே பொறுப்பு நான். சாவி இந்தா, இடுப்புல தொங்குது. ஆனா மண்டபத்தோட இணையப் பக்கம் சொல்லுது, 'உள்ளே வர உங்களுக்கு அனுமதி இல்லை'ன்னு. 'உங்களுக்கு'ன்னு வேற! என்னா மரியாதை!

நீ கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளை, பாரு தம்பி. காபி எடுத்துக்க. வெள்ளிக்கிழமை என் மக ரனீமைப் பொண்ணு கேட்டு தஃபீலாவுலேருந்து நாப்பது பேர் வர்றாங்க. அன்னிக்கு மண்டபம் வேணும்னு பதிஞ்சுட்டேன். அட்மின் ஒருத்தர் 'சரி'ன்னு தட்டணும். தட்டலேன்னா இன்னிக்கு சாயங்காலத்தோட பதிவு தானா அழிஞ்சிடும். அடுத்து வரிசைல யாரு? ஹாஜி தவ்கானோட சீட்டாட்டக் கோஷ்டி!

என்னது... சாவியால தெறந்துக்கவா? இணையப் பக்கத்துல பேர் வந்தவனுக்குத்தான் மண்டபம்னு சட்டம் போட்டவனே நான்தானேப்பா.

முன்னாடி அட்மின் வேலை பாத்தது நான் ஒருத்தன்தான். நிம்மதி! அப்புறம் எங்க கூட்டத்துப் பெரியவர் அபூ தரீஃப் வந்தாரு. காபி குடுத்தேன். குடிக்காம கீழ வெச்சுட்டாரு. அதுக்கு அர்த்தம் உனக்கு நான் சொல்லணுமா? கேட்டதைக் குடுக்குற வரைக்கும் வாயில வெக்க மாட்டாரு. வீடு தேடி வந்தவர் காபி ஆறிப்போச்சுன்னா, அப்புறம் எந்த மூஞ்சியோட நான் கடைவீதில நடக்குறது? சரி, பொண்ணா கேட்டாரு? நெலமா கேட்டாரு? இல்ல. 'என்னையும் அட்மின் ஆக்கு'ன்னாரு! 'ஆக்கிட்டேன், குடிங்க'ன்னேன்.

மறுநாள் அவரு மச்சினன். அப்புறம் ஹாஜி. அப்புறம் ஹாஜியோட பல் டாக்டரு! பதினோரு கோப்பை, பதினோரு அட்மின். ஏழு பேருக்கு பாஸ்வேர்டே ஞாபகமில்ல. ஒரு மகராசன் மண்டபப் படத்தைத் தூக்கிட்டு பேரன் படத்தைப் போட்டான். அபூ தரீஃப் ஒரே நாள்ல ஒரு துக்கத்தையும் ஒரு நிச்சயத்தையும் அனுமதிச்சாரு. அழ வந்தவன் கையிலெல்லாம் ஸ்வீட்டு!

ஏன் தம்பி... கோப்பையக் கீழ வெச்சுட்டே? நீயுமா? ...ஓ, தட்டச்சுப் பண்றியா. குடி, குடி. பயந்தே போயிட்டேன்.

நேத்து எனக்கு வந்துச்சு பாரு கோவம்! மொத்தப் பேரு அனுமதியையும் புடுங்கிட்டேன். ஒவ்வொருத்தனா எடுக்க யாருக்குப் பொறுமை? மேல 'எல்லாரும்'னு ஒரு கட்டம் இருந்துச்சு. டிக் அடிச்சேன். 'நிச்சயமா?'ன்னு கேட்டுச்சு. என்னையே கேக்குது! 'நிச்சயமா'ன்னு ஓங்கித் தட்டினேன். இன்னிக்குக் காலைல பாத்தா, எவனோ என் அனுமதியப் புடுங்கியிருக்கான்! விடுவேனா? பதினோரு வீட்டு வாசல்லயும் நின்னு...

என்ன சிரிக்கிறே?

...எல்லாரும்னா... நானுமா?

சரி, சரி, சிரிச்சது போதும். திருப்பிக் குடுத்துடு. ...முடியாதா? பக்கத்த மொத மொத ஆரம்பிச்சவர் பேரு மட்டும்தான் அழியாதா? அவரு தட்டினாத்தான் உண்டா? யாரு அந்தப் பெரிய மனுசன், காட்டு.

...மிஃப்லிஹ்.

என் பொண்டாட்டியோட தம்பி. ரனீமுக்குத் தாய்மாமன். இந்தப் பக்கத்த உருவாக்கித் தந்ததே அவன்தான்... போன வருசம் அவனும் வந்தான். நீ உக்காந்திருக்கியே, அதே எடத்துலதான் உக்காந்தான். 'மண்டபப் பொறுப்புல எனக்கும் ஒரு பங்கு குடுங்க, மச்சான்'னு கோப்பையக் கீழ வெச்சான். வீட்டுப் பையன்தானே, எங்க போயிடப் போறான்னு... நான் பாட்டுக்கு டிவி பாத்துக்கிட்டு இருந்தேன். பன்னெண்டாவது கோப்பை. அது ஒண்ணுதான் ஆறிச்சு. அதுக்கப்புறம் அவன் இந்த வாசப்படி மிதிக்கல.

வெளிய நிக்கிறது உன் வண்டிதானே? எடு. இருட்டுறதுக்குள்ள போயிடலாம். காபி ஊத்துவான், அந்த மரியாதை தெரிஞ்சவன். நான் குடிக்காம கீழ வெப்பேன்... வெச்சுட்டு உக்காந்திருப்பேன்.

ஏன் தம்பி... இந்தக் குளிருக்கு, இத்துனூண்டு கோப்பை, எவ்ளோ நேரத்துல ஆறும்?