மூக்கைப் பிடிக்கும் கைகளே!

தலைமை ஏற்று வீற்றிருக்கும் ஊர்ப் பெரியவர் ரங்கசாமி அவர்களே, காவலூரிலிருந்தும் இந்த மலையின் காட்டோர ஊர்களிலிருந்தும் கால் கடுக்க வந்திருக்கும் பெரியோர்களே, இடுப்பில் பிள்ளையும் இதயத்தில் கவலையும் சுமந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! இந்த ஊர் அங்கன்வாடியில் பதினான்கு ஆண்டுகளாகப் பணியாற்றும் பாஞ்சாலியின் பணிவான வணக்கம்.

பணிவு அதோடு முடிந்தது. இனி கோபம்!

பிள்ளையின் மூக்கைப் பிடித்து, வாய் திறந்த நொடியில் திணிக்கிறோமே, அதற்குப் பெயர் ஊட்டுவதா? அடித்து விழுங்க வைப்பது அன்பா? பூச்சாண்டி காட்டிப் புகட்டுவது வளர்ப்பா?

சென்ற ஆடியில் நடந்ததைச் சொல்கிறேன். ரஞ்சிதத்தின் மகள் சரிதாவுக்கு மூன்று வயது. சாமைச் சோறும் பருப்பும் தவிர வேறெதையும் தொடமாட்டாள். எடை குறைந்திருந்தது. "முட்டை துன்னாம இது எப்டி தேறும்?" என்று தந்தை கண்ணாயிரம் அங்கன்வாடிக்கே வந்தார். மூக்கைப் பிடித்தார், முட்டையைத் திணித்தார். வீறிட்டு இழுத்த மூச்சோடு முட்டை தொண்டையை அடைத்தது. முகம் நீலம் பாரித்தது! கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டி, அது வெளியே வந்து விழுந்த பிறகுதான் எங்களுக்கு உயிரே வந்தது.

கண்ணாயிரத்தை முறைக்காதீர்கள்! அந்தப் பிஞ்சுக் கால்களை அழுத்திப் பிடித்திருந்தவள் யார்? நான்! பயிற்சி பெற்ற நான்! என் கோபம் முதலில் என் கைகள் மீதுதான்.

அதன்பின் சோற்றைக் கண்டாலே சரிதா வாயைப் பொத்திக்கொண்டாள். "பசியோடவே தூங்கிட்டா அக்கா, நான் இன்னா பண்றது?" என்று ரஞ்சிதம் அழுதாள்.

ஒரு வாரம் பிடித்ததை மட்டும் கொடுத்தோம். பயம் தெளிந்தது. பிறகு சோற்றின் ஓரத்தில் நகக்கண் அளவு முட்டை வைத்தோம். தின்னச் சொல்லவில்லை. தாய் பக்கத்தில் அமர்ந்து அதையே தின்றாள். முதல் நாள் முகம் சுளித்தாள் சரிதா. நான்காம் நாள் விரலால் தொட்டாள். ஏழாம் நாள் நக்கிவிட்டுத் துப்பினாள்.

என்ன அண்ணா, பின்வரிசையில்? "துப்புனா ரெண்டு போட வேணாமா"வா? கல்யாணப் பந்தியில் பிடிக்காததை நீங்கள் இலையோரம் ஒதுக்குகிறீர்களே, பரிமாறுகிறவர் வந்து உங்கள் மூக்கைப் பிடிக்கிறாரா? சிரிக்காதீர்கள் தாய்மார்களே, அவர் பதில் சொல்லட்டும்!

பன்னிரண்டாம் நாள். யாரும் மிரட்டவில்லை, யாரும் கெஞ்சவில்லை. சரிதா தானாக எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். கதவோரம் நின்று கண்ணாயிரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் முட்டை கீதா?" என்று கை நீட்டிக் கேட்டாள் சரிதா.

அவர் வெளியே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

பன்னிரண்டு நாள் பொறுமைதான் அவளுக்குத் தேவைப்பட்டது. அதைத் தர மனமில்லாமல் ஓர் உயிரையே பறிக்க இருந்தோமே! இனி இந்த மலையில் எந்தப் பிள்ளையின் மூக்கையும் எந்தக் கையும் பிடிக்கக் கூடாது! பிடித்தால் உங்கள் வாசலில் வந்து நிற்பேன். என் கை பிடித்தால், ஊரே திரண்டு என் வாசலுக்கு வாருங்கள்!

சுடுசொல்லையும் பொறுத்துக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி, மடியில் உறங்கும் மழலைகளுக்கும் சேர்த்தே வணங்கி விடைபெறுகிறேன்.