அந்தோனியாருக்குப் பின்னால் ஒரு பெட்டி

"...பின்ன, அந்தக் கமரா வேலை செய்யாம நான் எப்பிடி அக்கா கந்தோருக்கு வேலைக்குப் போறது?"

கேட்டாளே ஒழிய யூஜினா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மறுபடி போனைப் பார்த்தாள். திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நடு அறைக் கதிரையின் நுனியில் பாக்கியலெட்சுமி இருந்தாள். மடியில் யூஜினாவின் பத்து மாதப் பிள்ளை, காலடியில் அவளுடைய பையும் குடையும். பிள்ளை பார்க்க ஆள் தேவையாம் என்று யாரோ சொல்லி, ஞாயிறென்றும் பாராமல் கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறி வந்தவள். வந்த நேரம் தொட்டு அவள் வாயிலிருந்து வந்தது தன் பெயர் மட்டும்தான். அதையும் யூஜினா பாதியிலேயே வாங்கிக்கொண்டாள்.

விடிந்தால் திங்கட்கிழமை. பிரசவ லீவும் முடிந்து, சம்பளமில்லாத லீவும் முடிந்துவிட்டது. நாளைக்கும் வராவிட்டால் அந்த மேசையில் வேறொருத்தி இருப்பாள் என்று மனேஜர் சிரித்துச் சிரித்தே சொல்லியிருந்தார். இதை இரண்டு தரம் சொன்னபிறகு யூஜினா கமராவின் கதைக்கு வந்தாள்.

அந்தக் கமரா பின் அறையில் தொட்டிலுக்கு மேலே, பின் கதவும் தெரிகிற மாதிரி இருக்கிறது. கப்பலில் வேலை செய்யும் புருஷன் ரொனி கொண்டுவந்தது. கொண்டுவந்ததுதான் வந்தான், ஒரு நல்ல சாமானாகப் பார்த்து வாங்கியிருக்கக் கூடாதா? இது வயர் குத்தினால்தான் கண் திறக்கிற சாதி. வைஃபை பெட்டியோ ரோட்டுப் பக்கம், முன் ஹோலில். வீடு ரயில் பெட்டி மாதிரி நீண்டு கிடக்கிறது. முன்னாலிருந்து வயரை இழுக்கலாமென்றால் சுவரில் துளை போட வேண்டும். வீட்டுக்காரர் நிக்கலஸ் அங்கிளோ தன் தகப்பன் கட்டின சுவரில் ஓர் ஆணி ஏறவும் விடமாட்டார். அந்தச் சுவர் ஆணி இல்லாமலே உதிர்வது வேறு கதை என்று சொல்லி, அந்த வேறு கதையையும் சொன்னாள்.

பிறகு பிறெடி வந்தான், ரொனிக்கு மச்சான் முறை. புறக்கோட்டையில் ஒரு சின்னப் பெட்டி வாங்கி வந்தான். முன் ஹோலிலிருந்து வருகிற வைஃபையை அது காற்றிலேயே பிடித்து, தன் அடியில் குத்தின வயர் வழியாகக் கமராவுக்கு அனுப்புமாம். வயரைச் சுவரோரமாக நிலத்தில் ஓட்டி, பெட்டியை இந்த நடு அறை மேசையில் வைத்து, போனில் படத்தையும் காட்டி, கேக் தின்று தேத்தண்ணி குடித்துப் போனான். அன்று பின்னேரமே படம் போயிற்று. கேட்டால், பெட்டியை அசைத்தீர்களா என்கிறான். அசைத்ததா? நல்ல இடமாகப் பார்த்து ஒரு சாண் உயர்த்தி வைத்தது அசைத்ததா?

மேல்மாடி ஸமீமாவின் மைக்ரோவேவில்தான் முதலில் அவளுக்குச் சந்தேகம். அப்புறம் புறக்கோட்டைக் கடைக்காரன். அப்புறம் துறைமுகத்துக் கிரேன்கள், அவற்றின் வயர்லெஸ் எல்லாவற்றையும் இழுத்துவிடுகிறதோ என்னவோ. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போய், காணாமற்போனதைத் தேடித் தருகிற அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தி, சிக்னலைத் திருப்பித் தரும்படி முழங்காலில் நின்றும் கேட்டாயிற்று.

கமரா இல்லாமல் எப்படி நம்புவது? தெமட்டகொடையில் ஒருத்தி பிள்ளைக்கு பிஸ்கட்டைக் காட்டிவிட்டுத் தான் தின்றாளாம்.

"உங்களச் சொல்லேல்ல அக்கா."

பம்பலப்பிட்டியில் ஒருத்தி இருமல் மருந்து பருக்கிப் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு நாடகம் பார்த்தாளாம். அதுவும் உங்களைச் சொல்லவில்லை. நீங்கள் நல்லவர் என்பது முகத்திலேயே எழுதியிருக்கிறது. ஆனால் அந்த இருமல் மருந்துக்காரியின் முகமும் மாதா முகம் மாதிரித்தான் இருந்ததாம்.

பாக்கியலெட்சுமி பிள்ளையைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுத்தாள். அவளுக்கு வைத்த தேத்தண்ணியில் ஆடை படிந்தது.

தான் கவனமில்லாதவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே. யூஜினா எழும்பி, மூலையிலிருந்த சாமிப் பீடத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்தாள். அந்தோனியார் கையில் குழந்தையோடு நின்றார். அவரை மெல்ல ஓரமாக நகர்த்தினாள். பின்னால் பெட்டி, வெள்ளித்தாளில் சுற்றி, வயர்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, வாழையிலையில் கட்டின சோற்றுப் பார்சல் மாதிரி இருந்தது.

பிறெடி போன கையோடு, கொன்வென்டில் கூடப் படித்த சுரேகா ஒரு வொய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். வைஃபை கதிர் பட்டால் கைப்பிள்ளைகளின் மூளை சுருங்குமாம். அதைக் கேட்டபின் அந்தப் பெட்டியை மேசையில் வைத்திருக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? குசினியில் கேக் சுடுகிற வெள்ளித்தாள் கிடந்தது நல்லதாய்ப் போயிற்று. இதைப் பிறெடியிடம் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பான்.

"கதிர் பிள்ளையில படக்கூடாது அக்கா, படம் மட்டும் வந்தாக் காணும். அதுதான் ரெண்டு சுத்துச் சுத்தினனான். பாருங்கோ, எவ்வளவு தடிப்பெண்டு."

தடிப்பைக் காட்டுவதற்காக முதல் சுற்றை உரித்தாள். இரண்டாவதையும் உரித்தாள். பெட்டியில் ஒரு பச்சை வெளிச்சம் கண் சிமிட்டியது. மற்றக் கையில் போன் டிங் என்றது. வட்டம் நின்றது.

யூஜினா கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். ஓரத்தில் நின்ற அந்தோனியாரைப் பார்க்க மட்டும் கூச்சமாக இருந்தது. ஒரு கிழமையாக அவரிடமே கேட்டுக் கேட்டு, அவர் முதுகுக்குப் பின்னாலேயே ஒளித்து வைத்திருந்திருக்கிறாள்.

"அக்கா, வந்திட்டுது," என்று திரும்பினாள்.

கதிரை வெறுமையாக இருந்தது. குடையையும் காணவில்லை.

போனில் பின் அறை தெரிந்தது. பாயின் கோடுகூடத் தெளிவு. பாக்கியலெட்சுமி பிள்ளையைத் தொட்டிலில் ஒருக்களித்துக் கிடத்தி, முதுகுக்குச் சின்னத் தலையணையை அண்டக்கொடுத்தாள். பிள்ளை அசையவில்லை, நல்ல நித்திரை. பிறகு அவள் நிமிர்ந்து கமராவைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் அப்படியே பார்த்தாள். பையைத் தோளில் மாட்டி, பின் கதவைத் திறந்து முற்றத்தைத் தாண்டினாள். திறந்த கதவுக்கு அப்பால் சின்னதாகத் தெரிந்த கேற்றுக்கு வெளியே நின்று, மேலால் கையை விட்டுக் கொளுக்கியைப் போட்டாள். ஒருமுறை தள்ளிப் பார்த்தாள். போனாள்.

படம் இடையில் ஒருதரமும் தடைப்படவில்லை. அதற்குள்ளே தொட்டிலும் பிள்ளையும் மட்டும்தான்.

"உங்களச் சொல்லேல்ல அக்கா," என்றாள் யூஜினா, போனைப் பார்த்து.