பத்துக்கு எத்தனை

ஒருவர் நின்ற இடத்திலிருந்து எவ்வளவு உயரம் குதிக்கிறார் என்று அளப்பதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை. தரையில் ஒரு விரிப்பு கிடக்கும். அதன் மேல் நின்று குதித்தால் பக்கத்துத் திரையில் எண் வரும், எழுதிக்கொள்ள வேண்டியதுதான். பயிற்சி மையத்தில் பதினாறு வருடமாக அதைத்தான் செய்கிறேன். முதுகுக்குப் பின்னால் என்னைத் 'தராசு' என்பார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை.

இந்த விசாரணையில் நீங்கள் கேட்கும் பெண்ணுக்கு அங்கே ஈர்க்குச்சி என்று பெயர். நீளம் தாண்டுகிறவள். வயது வரம்பின்படி இந்த வருட அணித் தேர்வுதான் அவளுக்குக் கடைசி.

முதல் நாள் சோதனைக்கு வரிசையில் நின்றபோது, குண்டு எறியும் பெண் அவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"மொத நாளே ஏன்டி உயிரக் குடுத்துக் குதிக்கப் போற? இருக்கறத எல்லாம் இன்னைக்கே கொட்டிட்டா, மூணு மாசம் கழிச்சு முன்னேத்தம்னு எதக் காட்டுவ? தராசுக்கு வாழ்க்கைல ஒரு சந்தோஷம் வேணாமா?"

ஈர்க்குச்சி சிரித்தாள். என்ன பதில் சொன்னாள் என்று கேட்கவில்லை. சிரித்ததே போதுமானதாக இருந்தது.

முதல் சோதனையில் அடக்கி வாசிப்பது இந்தத் தொழிலில் ஊரறிந்த ரகசியம். அடுத்த சோதனையில் முன்னேற்றம் தானாக வந்துவிடும். அன்று அவள் குதித்தது நாற்பத்து மூன்று சென்டிமீட்டர். காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான் ஆகிறது என்றாள். ஒரு வாரம் கழித்து, உடைமாற்றும் அறை வாசலில் தோழிகளோடு பந்தயம் கட்டி, நிலைக்கு மேலே ஒட்டியிருந்த காகிதத்தைத் தாவிக் கிழித்தாள். எல்லோரும் போன பிறகு நாடாவால் அளந்து பார்த்தேன். அவள் கை எட்டும் உயரத்தைக் கழித்தால் ஐம்பத்தொன்று வந்தது. ஓடி வந்து தாவினாள்தான். அதற்கும் கழித்துவிட்டுத்தான் முடிவுக்கு வந்தேன். அதன் பிறகு அவள் சொன்ன எதையும் முழுதாக எடுத்துக்கொள்வது நியாயமாகப் படவில்லை.

காலையில் எல்லோரும் ஒரு தாள் நிரப்பித் தர வேண்டும். தூக்கம், அசதி, வலி. வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று போட வேண்டும். நான் அதைப் பட்டியலாக்கிக் கோச்சுக்கு அனுப்புவேன். கோச் பார்ப்பது பட்டியலை மட்டும்தான். நான்கைத் தாண்டினால் அன்று ஓய்வு, மருத்துவர்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவள் தாளில் இடது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு, ஐந்து என்று வந்தது. தேர்வு நெருங்கும்போது இப்படி வரும். உடம்பை அலுங்காமல் வைத்துக்கொள்ள ஆளாளுக்கு ஒரு வலி பிறக்கும். நான் இரண்டு என்று அனுப்பினேன். மறுநாளும் ஐந்து, இரண்டு என்றே அனுப்பினேன். ஐந்தாம் நாள் ஆறு போட்டாள். அவளுக்குச் சலுகையாக மூன்று கொடுத்தேன்.

எட்டாம் நாள் மைதானத்தில் அவள் கோச்சிடம் போய் நின்றாள்.

"கோச், கால் ரொம்ப வலிக்குது."

கோச் கைப்பேசியைப் பார்த்தார். "மூணுதானம்மா இருக்கு. மூணுக்கெல்லாம் படுத்தா தேர்வுக்குத் தூக்கிட்டுதான் போகணும்."

"ஏழு போட்டேன் கோச்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏழுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?" என்றேன். "ஏழுன்னா இவ்ளோ தூரம் நடந்து வந்து நின்னு பேச முடியாது."

அவள் குனிந்து தன் இடது காலைப் பார்த்தாள். பிறகு, "நான் ஏமாத்தறேன்னு நெனக்கிறீங்களா சார்?" என்றாள். நான் மறுக்கவில்லை. அவள் ஓடுபாதைக்குத் திரும்பிப் போனாள். அன்றைய தாண்டல்கள் அந்தப் பருவத்திலேயே சிறந்தவை. வலி உள்ளவளால் அது முடியுமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பதினோராம் நாள் அவள் எட்டு போட்டாள். நான் இரண்டு என்று அனுப்பினேன். பத்தரை மணிக்கு, நான்காவது தாண்டலில், பலகையில் கால் ஊன்றியபோது எலும்பு முறிந்தது. காய்ந்த சுள்ளி ஒடிவது போலச் சத்தம் கேட்டது. மருத்துவர் எக்ஸ்ரே படத்தைக் காட்டி, முன்பே இருந்த விரிசல், வலி தொடங்கியபோதே ஓய்வு கொடுத்திருந்தால் கூடியிருக்கும் என்றார். இனி அவள் நடப்பாள், தாண்ட மாட்டாள் என்றும் சொன்னார்.

அவளுடைய அக்கா என்னிடம் கேட்டாள். "அவ எத்தன தடவ சொன்னா உங்ககிட்ட?"

"பதினொரு தடவை," என்றேன். "எல்லாத் தாளும் இருக்கும்மா."

இருக்கின்றன. ஒன்றைக்கூட நான் கிழிக்கவில்லை. அவள் எழுதியது இந்த உறையில், நான் அனுப்பியது அந்த உறையில். பதினொரு எண்ணையும் மாற்றியது நான்தான்; கோச் ஒரு தாளைக்கூடப் பார்த்ததில்லை. அவற்றில் ஏழு நாள் அவள் ஆறோ அதற்கு மேலோ போட்டிருந்தாள் என்பதும் எனக்குத் தெரியும்.

அறுவைச் சிகிச்சை முடிந்த மறுநாள் போய்ப் பார்த்தேன். காலுக்குள் கம்பி வைத்திருந்தார்கள். நர்ஸ் குனிந்து, "வலி பத்துக்கு எத்தனைம்மா?" என்று கேட்டார். அவள் வாயைத் திறந்தாள். வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "வலியே இல்ல," என்றாள்.

அவள் என்னிடம் உண்மையைச் சொல்லத் தொடங்கியது அன்றுதான். அந்தப் பூஜ்யத்தை நான் திருத்தாமல் அப்படியே எழுதிக்கொண்டேன்.