பூசணம் பிடித்த குரல்கள்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெருந்தகையே! முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோரே! வேலை முடிந்த களைப்போடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! இடமில்லாமல் புத்தக அடுக்குகளில் சாய்ந்து நிற்கும் தம்பி தங்கைகளே! இந்த நூலகத்தின் நூலகராக உங்கள் எல்லோரையும் இருகரம் கூப்பி வணங்குகிறேன்.

பொன்விழா மேடை இது. புகழ்ந்து பேசத்தான் என்னை அழைத்தார்கள். ஆனால் என் நெஞ்சில் பூரிப்பில்லை, புழுக்கம்தான் இருக்கிறது. பொறுத்தருள வேண்டும்.

இந்த ஊரில் ஓர் ஆய்வாளர் அம்மையார் இருக்கிறார். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள் அவரை 'டேப் அக்கா' என்றே கூப்பிட்டார்கள். பாரம் தூக்கும்போது அவர்கள் பாடிய பாட்டுகளைத் தேடித் தேடிப் பதிவு செய்தவர். வெயிலிலும் நின்றார், விரட்டியபோதும் நின்றார். "இதப் போய்ப் புடிச்சு வச்சு என்னக்கா பண்ணப் போறீங்க?" என்று சிரித்தவர்களிடம், "உங்க பேரப்பிள்ளைங்க கேக்க வேணாமா?" என்றார். கிரேன்கள் வந்தன, பாட்டு நின்றது. சேர்த்த ஒலிநாடாக்களையெல்லாம் இந்த நூலகத்திடம் ஒப்படைத்தார். இங்கிருந்தால் எவரும் வந்து கேட்கலாம் என்று நம்பினார். நம்மை நம்பினார், அவையோரே, நம்மை!

நாம் எங்கே வைத்தோம்? மாடியறையில். மாடியறைக் கூரை என்ன செய்தது? ஒழுகியது. நேரில் சொன்னேன், ஒழுகியது. எழுதிக் கேட்டேன், ஒழுகியது. கீழே ஓர் அறை கேட்டேன். அது கூட்ட அறையானது. மேலே ஒழுகிக்கொண்டே இருந்தது. பின்னால் ஒரு தம்பி, "அதான் பெயின்ட் அடிச்சாச்சே!" என்கிறார். அடித்தார்கள் தம்பி, முன்பக்கச் சுவருக்கு அடித்தார்கள். மழை என்ன, வாசல் வழியாகவா வருகிறது? சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இனி சொல்லப்போவதற்குச் சிரிக்க முடியாது.

போன மழைக்காலம் முடிந்ததும் ஒரு தையற்காரப் பெண் வந்தார். "எங்கப்பா துறைமுகத்துல மூட்டை தூக்குனவருங்க. முதல் அடி அவருதான் எடுத்துப் பாடுவாராம். நான் கைக்குழந்தையா இருக்கறப்பவே போய்ச் சேர்ந்துட்டாரு. ஒரே ஒரு தடவை அவரு குரலைக் கேக்கணும்" என்றார்.

டேப் அக்காவை அழைத்தேன். மூச்சு வாங்க மாடியேறி வந்தார். பீரோவைத் திறந்தோம். நாடாக்களின் மேல் வெள்ளை வெள்ளையாய்ப் பூசணம்! பஞ்சால் துடைத்து, துடைத்து, ஒன்றை ஓடவிட்டோம். இரைச்சல். பிறகு ஓர் இருமல். பிறகு ஓர் ஆண் குரல்: "சரி, ஆரம்பிக்கலாமா?"

நாடா அறுந்தது.

அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டார். "அது... எங்கப்பாவாக்கா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? 'சொல்லிடுங்கக்கா' என்று நானே மனத்துக்குள் கெஞ்சினேன். டேப் அக்கா கண்ணை மூடித் திறந்தார். "தெரியலம்மா. எத்தனையோ பேரைப் பதிவு பண்ணேன். இது யாருன்னு எனக்குத் தெரியல."

"ஆமான்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேனே" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் படியிறங்கிப் போனார். திரும்பி வரவேயில்லை.

டேப் அக்கா தரையிலேயே உட்கார்ந்து அழுதார். "பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு தங்கச்சி. ஆனா அவரு இடத்துல வேற யாரையோ நிக்க வச்சா, அவரை நானே இன்னொரு தடவை சாகடிச்ச மாதிரி ஆகிடும்ல?"

ஒரு தலைமுறை உழைத்துப் பாடியது; ஒருவர் அலைந்து சேர்த்தார்; ஊர் கூடி நனையவிட்டது! இதற்கா விழா? இதற்கா விளக்கு? இதற்கா இந்த மாலை?

மீதி நாடாக்கள் மேலே இருக்கின்றன. இன்னும் ஓடவிட்டுப் பார்க்கவில்லை. "போட்டாத்தானே தெரியும்?" என்று முன்வரிசைப் பெரியவர் கேட்கிறார். போட்டால் தெரிந்துவிடும், ஐயா! அதுதான் எங்கள் அச்சம்.

ஆயினும் நாளைக் காலை நானும் டேப் அக்காவும் ஒவ்வொன்றாக ஓடவிடப் போகிறோம். பணம் கேட்கவில்லை, பாராட்டும் கேட்கவில்லை. யாராவது வந்து உடன் உட்காருங்கள். பாட்டு வந்தால் கேளுங்கள். வராவிட்டால், அந்த மௌனத்தை எங்கள் இருவர் தலையில் மட்டும் சுமத்தாதீர்கள்.

இவ்வளவு நேரம் என் கசப்பைப் பொறுத்துக்கொண்ட அவைக்கு நன்றி. வருகிறவர்களுக்கும், வரப்போவதில்லை என்று இப்போதே தலைகுனிந்திருப்பவர்களுக்கும், என் வணக்கம்.