பொருந்தவில்லை

எங்கே போனாலும் திரும்பி வருகிற பஸ் எத்தனை மணிக்கு என்று முதலில் கேட்டு வைத்துக்கொள்வது என் பழக்கம். கலியாண வீடோ செத்த வீடோ, இறங்கிய உடனே அதைக் கேட்டுவிட்டால்தான் எனக்கு இருப்புக்கொள்ளும். என் கணவர் சுபாங்கன் இதை வைத்தே பகிடி பண்ணுவார். "உவள் சொர்க்கத்துக்குப் போனாலும் வாசல்லை நிண்டு கடைசி பஸ் எத்தினை மணிக்கெண்டு கேட்பாள்" என்பார். கேட்பதில் என்ன பிழை. வெளியேறும் வழி தெரிந்தவள் பதறமாட்டாள். நான் பதறுகிற ஆள் இல்லை. இதைப் படிக்கிறவர்கள் அதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

எங்களுக்கு ஊர் யாழ்ப்பாணத்து இணுவில். அப்பா தோட்டம் செய்தவர். அவர் போன பிறகு அம்மா குணலட்சுமிதான் வெங்காயமும் கிழங்கும் போட்டு எங்கள் மூன்று பேரையும் ஆளாக்கினார். மூத்தவள் நான், கோபிகா. எனக்குப் பிறகு தம்பி நிருஷன். மருதனார்மடம் சந்தைக்கு மரக்கறி ஏற்றுகிற சின்ன லொறி ஒன்று வைத்திருந்தான். கடைசி கீர்த்திகா. அவள் சுன்னாகத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்கு நின்றாள். ஊருக்கெல்லாம் ஊசியும் மருந்தும் எடுத்துக் கொடுக்கிறவளுக்குத் தனக்கு ஊசி என்றால் கண் இருட்டிவிடும். அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரிப்போம். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

போன வருடம் தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. கிழமைக்கு மூன்று நாள் மெஷினில் படுத்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவான். வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். ஆள் கறுத்து, காய்ந்து, அப்பாவின் கடைசிக் காலத்து முகம் அவனுக்கு வந்துவிட்டது. யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால் பிழைப்பான், இல்லையென்றால் இழுபறிதான் என்று டொக்டர்மார் சொன்னார்கள். அம்மாவுக்குச் சீனி வருத்தமும் பிரஷரும். அவரிடம் எடுக்க முடியாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருந்தது நாங்கள் இரண்டு பெண்களும். மூத்தவள் இருக்க இளையவளைக் கேட்பது முறை இல்லை என்பதால் முதலில் என்னைத்தான் சோதித்தார்கள்.

சத்திரசிகிச்சை கொழும்பில். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. அவர்களில் ஒரு பிழையும் இல்லை.

அங்கே ஒரு நடைமுறை உண்டு. கொடுக்க வருகிறவரைச் சொந்தக்காரர் ஒருவரும் இல்லாமல் தனி அறையில் வைத்துக் கதைப்பார்கள். எங்களோடு கதைத்தவர் டொக்டர் மகாதேவி. வெட்டுவதும் தைப்பதும் அவருடைய வேலை இல்லை. கொடுக்கிறவர் மனம் விரும்பித்தான் கொடுக்கிறாரா என்று பார்ப்பது மட்டுமே அவருடைய வேலை. வாயைத் திறந்ததுமே யாழ்ப்பாணத்து ஆள் என்று தெரிந்தது. ஊரைக் கேட்டேன், யாழ்ப்பாணம் கொழும்புத்துறை என்றார். அதனால் எனக்குக் கொஞ்சம் துணிவு வந்தது. அவர் தொடங்க முதலே நான் கேட்டுவிட்டேன்.

"டொக்டர், விருப்பமில்லை எண்டால் என்ன செய்யிறது?"

அவர் என்னைக் குறைவாகப் பார்க்கவில்லை. அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

"விருப்பமில்லை எண்டால் விருப்பமில்லைதான் பிள்ளை. இதுக்குள்ளை கதைக்கிறது இதுக்குள்ளைதான். வெளியிலை போய், உங்கடை பொருந்தேல்லை எண்டு மட்டும் நான் சொல்லுவன். ஏன் எதுக்கெண்டு ஆருக்கும் சொல்லமாட்டன். எங்கடை ஊரிலை கலியாணம் வேண்டாம் எண்டால் சாதகம் பொருந்தேல்லை எண்டு சொல்லி விடுறேல்லையே? அது மாதிரித்தான்."

பிறகு அவர் சொன்னார், என்னுடையது மிக நன்றாகப் பொருந்தியிருக்கிறதாம். கூடப்பிறந்தவர்களிலேயே இப்படிப் பொருந்துவது அருமையாம். அது தெரிந்து முடிவெடுக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னார். நான் தெரிந்துதான் முடிவெடுத்தேன்.

எனக்கு இரண்டு பிள்ளைகள், சின்னவளுக்கு அப்போது மூன்று வயது, சுபாங்கனுக்கு மின்சார சபையில் நேரகாலம் இல்லாத வேலை என்று பல காரணங்களை டொக்டருக்குச் சொன்னேன். அவை எல்லாம் உண்மை. ஆனால் அவை காரணம் இல்லை. எனக்குப் பயம். என் உடம்பைத் திறந்து ஒன்றை எடுத்துவிட்டு மூடுவார்கள் என்பதை என்னால் நினைக்க முடியவில்லை. தாயும் பிள்ளையும் என்றாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள்.

டொக்டர் வெளியே வந்து அம்மாவிடம் அந்த ஒரு வசனத்தை மட்டும் சொன்னார். அம்மா என் முதுகைத் தடவினார். "நீ என்ன பிள்ளை செய்வாய். உன்ரை மனம் ஓமெண்டாலும் உடம்பு ஓமெண்டவேணுமெல்லே" என்றார். அன்று இரவு ரயிலில் எனக்கு யன்னல் பக்கத்து இடத்தையும் தந்தார்.

அடுத்தது கீர்த்திகா. அவளை யாரும் வற்புறுத்தவில்லை. அம்மா அவளுக்குச் சோறு போட்டுக்கொண்டே, "இனி நீதான் பிள்ளை" என்றார். நிருஷன் எதிரில் இருந்தான். கீர்த்திகா கறியைப் பிசைந்தபடி, "ஓமம்மா" என்றாள். அவளையும் சோதித்தார்கள். அவளுடையது அரைவாசிதான் பொருந்தியது என்று, அவளைத் தனி அறையில் வைத்துக் கதைத்த பிறகுதான் எங்களுக்குச் சொன்னார்கள். ஆனாலும் போதும் என்றார்கள்.

அந்த நேரம் அவளுக்கு மட்டுவில் ஊர்ப் பக்கத்தில் ஒரு சம்பந்தம் பேச்சில் இருந்தது. பெடியனின் படத்தைக் கைத்தொலைபேசியில் வைத்திருந்தாள். செய்தி அங்கே போனதும், சாதகம் பொருந்தவில்லை என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கீர்த்திகா சிரித்தாள். "சாதகம் பாவம் அக்கா. ஆர் மாட்டன் எண்டாலும் பழி அதிலைதான்" என்றாள். சிரித்துவிட்டுப் போய் அறைக்குள் கனநேரம் இருந்தாள். ஊர் நடப்பு எல்லாம் விளங்கிய பெண் அவள். ஆஸ்பத்திரியிலும் அப்படி ஒரு சாதகம் இருக்கிறது என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

டொக்டரிடம் தனியாகக் கதைப்பதற்காக அவள் கொழும்புக்குப் போவதற்கு முதல் நாள் பின்னேரம், நான் அம்மா வீட்டுக் கிணற்றடியில் பிள்ளைகளின் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். கீர்த்திகா தலை முழுக வந்தாள். தலைக்குச் சீயாக்காய் வைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அக்கா, உங்களை அந்தத் தனி அறைக்குள்ளை வைச்சு என்ன கேட்டவை?"

"சும்மா கேள்விதான். ஆரும் வெருட்டினவையோ, காசு தந்தவையோ எண்டு."

"அங்கை வைச்சு எனக்கு ஏலாது எண்டு சொன்னால் என்ன செய்வினம்?"

இந்த இடத்தில் நான் உங்களிடம் நேர்மையாக இருக்க வேண்டும். நான் அவசரப்படவில்லை. கையிலிருந்த சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டேன். அந்த நேரத்துக்குள் எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்டேன். இவள் மாட்டேன் என்றால் தம்பி சாவான். தம்பி செத்தால், பொருந்தியும் கொடுக்காத நான்தான் அவனைக் கொன்றவள். இவள் கொடுத்தால் ஒருவரும் சாகமாட்டார்கள். ஒரு சிறுநீரகத்தோடு எத்தனையோ பேர் நன்றாக இருக்கிறார்கள், டொக்டரே சொன்னார். அதோடு அக்கா, தங்கை இரண்டு பேருடையதும் பொருந்தவில்லை என்றால் அம்மா மோட்டுப் பெண் இல்லை, கேள்வி கேட்பார். எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் ஒரு பதில்தான் சரியாக வந்தது.

"அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லுவினம்" என்றேன்.

அவளுடைய கை தலையில் நின்றது. "அம்மாவுக்கோ?"

"ஓம். உங்கடை மகள் மாட்டன் எண்டிட்டா எண்டு முகத்துக்கு நேரை சொல்லுவினம். ஒளிக்கேலாது. அதுதான் சட்டம்."

"அண்ணைக்கும் சொல்லுவினமோ?"

"அவனுக்குச் சொல்லாமல் ஆருக்குச் சொல்லுறது?"

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு, "அப்ப சரி" என்றாள். "எனக்கு ஒரு வாளி அள்ளி ஊத்திவிடுங்கோக்கா, கண்ணெரியுது." நான் அள்ளி ஊற்றினேன். தண்ணீர் வழிந்ததில் அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. அழவில்லை என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டேன்.

கொழும்பில் அந்த அறைக்கு வெளியே மர வாங்கில் நானும் அம்மாவும் இருந்தோம். எனக்கு டொக்டர் எடுத்த நேரத்தில் பாதிகூட அவளுக்கு எடுக்கவில்லை. கீர்த்திகா சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள். பின்னால் வந்த டொக்டர் மகாதேவி வாசலில் நின்று என்னைப் பார்த்தார். நான் கீர்த்திகாவின் செருப்பைப் பார்த்தேன். ஒரு வார் அறுந்து, ஊசி குத்தி இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போடப் புதுசு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். நல்ல செருப்பு, விலையும் பார்க்கவில்லை.

சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. தம்பிக்கு வைத்த சிறுநீரகம், அவன் சத்திரசிகிச்சை மேசையில் கிடக்கும்போதே வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று தாதி வந்து சொன்னாள். அம்மா தரையிலேயே விழுந்து கும்பிட்டார். எனக்கும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. தப்பினால் தம்பிரான் புண்ணியம் என்பார்கள். நாங்கள் எல்லோரும் தப்பிவிட்டோம் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் கீர்த்திகா எழுந்து நடந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கூனிக்கொண்டு, குளியலறை வரைக்கும் போய் வந்தாள். வந்து கட்டிலில் இருந்துகொண்டு தோடம்பழம் வேண்டும் என்றாள். நான் உரித்துக்கொண்டிருந்தேன். "அக்கா, மூச்சு எடுக்க ஏலாமல் கிடக்கு" என்றாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, "எழும்பி நடந்த களைப்பு, இரு" என்று சொல்லிவிட்டு நான் அடுத்த சுளையின் நாரை எடுத்தேன். நிமிர்ந்தபோது அவள் சரிந்திருந்தாள். காலில் உறைந்த இரத்தம் நெஞ்சுக்குப் போய் அடைத்துவிட்டதாம். எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் எப்போதோ ஒருவருக்கு அப்படி வருமாம். ஓடி வந்தார்கள், நெஞ்சை அமத்தினார்கள், அவர்களால் முடிந்ததெல்லாம் செய்தார்கள்.

மரண விசாரணைக்கு வந்த அதிகாரி தமிழ் கதைத்தார். உங்கள் தங்கையை யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அது உண்மை. அவருக்கு வேறு கேள்வி கேட்கத் தெரிந்திருக்கவில்லை.

குற்ற உணர்வு இல்லையா என்று நினைப்பீர்கள். இருக்கிறது. என்னால் அந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ள முடியவில்லை. தோடம்பழம் வீட்டுக்குள் வந்தால் எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன். நிருஷன் இப்போது சதை போட்டு, மறுபடியும் லொறி ஓட்டுகிறான். பள்ளத்தில் லொறி விழுந்து எழும்பும்போது அடிவயிற்றில் கையை வைத்துப் பிடிப்பான். அங்கேதான் அவள் இருக்கிறாள். "அக்கா, அவள் பயப்பிட்டவளோ?" என்று இடைக்கிடை கேட்பான். இல்லை என்பேன். எல்லாவற்றையும் விட அம்மாதான் கொடுமை. பிரேதம் வீட்டில் கிடந்த அன்று என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "நல்லகாலம் உன்ரை பொருந்தேல்லை. பொருந்தியிருந்தால் உன்ரை பிள்ளையள் இண்டைக்குத் தாயில்லாப் பிள்ளையள்" என்றார். அந்தக் கட்டிப்பிடிப்பில் எனக்குச் சுகமாக இருந்தது. அதற்காக நான் என்னை வெறுக்கிறேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து இரண்டொரு நாளில் டொக்டர் மகாதேவி வந்தார். லீவில் கொழும்புத்துறைக்கு வந்தவர், இணுவில் வரைக்கும் ஓட்டோ பிடித்து வந்திருந்தார். அம்மாவிடம் துக்கம் விசாரித்துவிட்டு, என்னோடு வாசல் படலை வரை நடந்தார். ஆள் மெலிந்திருந்தார். கண்ணின் கீழே கறுத்திருந்தது.

"கோபிகா, உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும்" என்றார். "உங்களுக்குச் சொன்ன மாதிரி எல்லாருக்கும் நான் சொல்லுறனான். மாட்டன் எண்டால் பொருந்தேல்லை எண்டு சொல்லுவன் எண்டு. தங்கச்சி அண்டைக்குக் கதவைத் திறந்துகொண்டு வரேக்கையே சிரிச்சுக்கொண்டு, எனக்கு முழு விருப்பம் டொக்டர், வேறை ஒண்டும் கேக்காதேங்கோ எண்டா. நானும் விட்டிட்டன். சொல்லாமல் விட்டிட்டன். அண்டையிலையிருந்து எனக்கு நித்திரை இல்லை." அவர் படலையைப் பிடித்துக்கொண்டார். "நீங்களாவது அவவுக்குச் சொன்னனீங்களோ, அப்பிடி ஒரு வழி இருக்கெண்டு?"

ஓட்டோக்காரன் காத்துக்கொண்டு நின்றான். நான் டொக்டரின் கையைப் பிடித்தேன்.

"சொன்னனான் டொக்டர். வடிவா விளங்கப்படுத்திச் சொன்னனான். அவள்தான் கேக்கேல்லை."

அவர் என் தோளில் முகத்தை வைத்து அழுதார். நீங்கள் நல்லதொரு அக்கா என்றார். நான் அவருடைய முதுகைத் தடவிக் கொடுத்தேன். பாவம், அந்த மனுசி இனியாவது நிம்மதியாக நித்திரை கொள்ளட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன்.