அஞ்சு நிமிஷம் பேசலேன்னா

நாகூரிலிருந்து காரைக்கால் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் கழுத்தில் காலேஜ் அடையாள அட்டை, மூத்தவர் மடியில் காய்கறிப் பை.

“அஞ்சு நிமிஷம் வாயைத் திறக்கலேன்னா நம்ம பேரையே அழிச்சிரும் லாத்தா,” என்றாள் இளையவள். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“யாரு, உன் மாமியாரா?”

“அய்யோ, எங்க காலேஜ் நெட்வொர்க் சுவிட்ச், கம்ப்யூட்டர் வயரெல்லாம் வந்து சேர்ற பெட்டி. யாரு குரல் எந்த வயர்லேர்ந்து வந்துச்சுன்னு எழுதி வச்சுக்கும். இன்னைக்கு பிரிண்டரை மாடிக்கு மாத்துனோம். அது வாயே திறக்கலை. அஞ்சு நிமிஷம் ஆகாததால பழைய எழுத்து அழியலை, சுவிட்ச் பிரிண்ட் எல்லாத்தையும் பழைய ரூமுக்கே அனுப்புச்சு.”

“அப்புறம்?”

“பிரிண்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணி ஒரு தடவை பேச வச்சேன். உடனே புது இடத்தை எழுதிக்கிச்சு.”

“பேரை அழிச்சிட்டா?”

“ஆளு எங்கன்னு தெரியாம எல்லா வயர்லயும் கூவும்.”

லாத்தா மடியிலிருந்த பையை நகர்த்தினார். “எங்க மாமி, மவ கல்யாணத்துக்கு அழைக்க எங்க பழைய வீட்டுக்குப் போயி, பூட்டைப் பாத்துட்டுத் திரும்பிருச்சாம். ஒரு போன் பண்ணக் கூடாதா?”

“வீடு மாறுனதை நீங்க சொன்னீங்களா?”

“அதுவா கேக்கட்டும்னு இருந்தேன்.”

“அப்ப நீங்கதான் லாத்தா பிரிண்டர்.”

லாத்தா சிரித்துக்கொண்டே போனை எடுத்தார். “அஸ்ஸலாமு அலைக்கும் மாமி, நாந்தான்! கேக்குதா?”

மாமிக்குக் கேட்கவில்லை போல. பள்ளிவாசலுக்கு எதிர்ச் சந்து, பச்சை கேட்டு, மாடி வீடு, கல்யாணத்துக்கு அழைக்க அங்க வாங்க என்று லாத்தா மூன்று தடவை கத்தினார். பஸ் முழுக்க வழி தெரிந்துவிட்டது.

கண்டக்டர்தான் திரும்பிக் கேட்டார்: “வழி தெரிஞ்சிருச்சு, கல்யாணம் என்னைக்குன்னு சொல்லலியே லாத்தா?”